வெள்ளோட்டம் பார்க்க வழி செய்யுங்கள்: கட்டற்ற மென்பொருள் உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்க் கட்டற்ற மென்பொருள் உருவாக்குநர்களுக்கும், அவற்றைத் தமிழாக்கம் செய்வோருக்கும், ஊர் ஊராகக் கொண்டு செல்லும் ஆர்வலர் குழுக்களுக்கும்,

வணக்கம்.

பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே தங்கச்சிமடத்தில் ஒரு சிறிய கணினி மையம் நடத்தி வருகிறேன். பகலில் ஜெராக்ஸ், தட்டச்சு, இணைய விண்ணப்பம், பாஸ்போர்ட் அளவுப் படம் என்று பிழைப்பு ஓடுகிறது. மாலையில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, கடலுக்குப் போகும் இளைஞர்களும் என் மையத்துக்கு வருவார்கள். மீன்பிடிப் பங்குக் கணக்கைக் கணினியில் போட ஒருவருக்கு ஆசை இருக்கும், கைப்பேசியில் எடுத்த கடல் காட்சிகளை வெட்டி ஒட்ட இன்னொருவருக்கு. அவர்களுக்கு நான் எப்போதும், யாரும் இயக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள்களையே சொல்கிறேன். பல ஆண்டுகளாக அவற்றை நானே பயன்படுத்துவதால், அவற்றின் தரத்தில் எனக்கு ஐயம் ஏதும் இல்லை. ஆனால் நான் பெயர் சொல்லி அனுப்பும் பத்துப் பேரில் பாதிப் பேர் அந்த மென்பொருளைத் திறந்து பார்க்கும் நிலைக்கே வராமல் திரும்பிவிடுகிறார்கள். அதைப் பற்றி உங்களிடம் மனம்விட்டுப் பேசவே இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் கரையில் புதுப் படகு கட்டினால் வெள்ளோட்டம் விடாமல் தொழிலுக்கு எடுப்பதில்லை. எஞ்சின் சூடேறுகிறதா, அடியில் நீர் கசிகிறதா, சுக்கான் கைக்கு இணங்குகிறதா என்று கரையை ஒட்டியே ஓட்டிப் பார்ப்பார்கள். மனதுக்குப் பிடிக்காவிட்டால் தச்சரிடம் சொல்லித் திருத்துவார்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதில் அடக்கம். மென்பொருளைத் தேடி வருகிறவரும் அந்த வெள்ளோட்டத்தைத்தான் எதிர்பார்க்கிறார். அரை மணி நேரம் கையில் வைத்துப் பார்க்க வேண்டும், ஒத்துவந்தால் வைத்துக்கொள்ள வேண்டும், ஒத்துவராவிட்டால் எந்தச் சேதமும் இல்லாமல் நீக்கிவிட வேண்டும். அவர் கேட்பது இவ்வளவுதான். நீங்களோ படகை நன்றாகக் கட்டி முடித்துவிட்டு, அதில் ஏறுவதற்கான பலகையைப் போட மறந்துவிடுகிறீர்கள்.

சென்ற தடைக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் வந்தாள். அவள் தாய் கடலில் பாசி எடுக்கப் போகிறவர். விடியும் முன் புறப்பட்டு, கண்ணாடி அணிந்து, கைவிரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கிப் பாசி எடுக்கும் தாயின் ஒரு நாளைத் துண்டு துண்டாகக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தாள். அதை ஒரு சிறு காணொளியாகத் தொகுக்க வேண்டும் என்றாள். நான் ஒரு கட்டற்ற காணொளித் தொகுப்பு மென்பொருளின் பெயரைத் தாளில் எழுதிக்கொடுத்தேன். அவள் வீட்டுக்குப் போய், அண்ணனின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, மடிக்கணினியில் தேடியிருக்கிறாள். மறுநாள் மாலை வந்து, “அக்கா, இறக்கிட்டேன், ஆனா ஒண்ணும் ஓடலை” என்றாள்.

திறந்து பார்த்தேன். அவள் இறக்கியிருந்தது மூலநிரல், அதாவது நிரலாளர் எழுதிய வரிகள், அடங்கிய ஜிப் கோப்பு. விரித்தால் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தன, சொடுக்கினால் இயங்கக்கூடியது ஒன்றுகூட இல்லை. அவள் சென்ற பக்கத்தை என் கணினியில் திறந்தேன். புதிய பதிப்பின் கீழே பதினான்கு கோப்புகள் வரிசையாக நின்றன. டெப், ஆர்பிஎம், ஆப் இமேஜ், டார், ஆர்ம்64, ஏஎம்டி64, சரிபார்ப்புத் தொகை என்று ஒவ்வொன்றும் ஒரு வால். “எதுக்கும்மா இதை எடுத்தே?” என்று கேட்டேன். “இதுதான்க்கா சின்னதா இருந்துச்சு, பேரும் புரிஞ்சுச்சு. மத்ததுல ஏஎம்டின்னு போட்டிருக்கு. நம்ம லேப்டாப்புல இன்டெல்னுல ஒட்டியிருக்கு” என்றாள்.

அவள் சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது? இன்டெல் சில்லுகளும் இன்று பின்பற்றும் 64 பிட் கட்டமைப்பை முதலில் வகுத்து, 2003-இல் சில்லாக வெளியிட்டது ஏஎம்டி நிறுவனம். அதனால் அந்தப் பெயரே நிலைத்து, இன்டெல் சில்லுக்குரிய கோப்புக்கும் ஒட்டிக்கொண்டது என்பது உங்களுக்குத் தெரியும். மடிக்கணினியில் ஒட்டியிருக்கும் சின்னத்தைப் படித்து, கோப்பின் பெயரோடு ஒப்பிட்டு, பொருந்தாததை ஒதுக்கிய அந்தப் பெண் கவனமாகத்தான் நடந்துகொண்டாள். கவனமாக இருந்ததாலேயே தவறான கோப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். இரவு பதினொரு மணிக்கு, மிச்சமிருந்த டேட்டாவையும் செலவழித்துவிட்டு, தனக்குக் கணினி வராது என்று முடிவுகட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். அந்த முடிவுதான் என்னை உறுத்துகிறது. அவளிடம் தாள் கொடுத்து அனுப்பிய எனக்கும் அதில் பங்குண்டு. அன்றிலிருந்து யாருக்கும் பெயரை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்புவதில்லை.

இதே ஊரில் விலையுள்ள மென்பொருளின் திருட்டு நகல் எப்படி வந்து சேர்கிறது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். கணினி வாங்கும் இடத்திலேயே எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் நண்பன் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து செருகி, பத்து நிமிடத்தில் ஓட வைத்து, எப்படி உடைப்பது என்பதையும் காட்டிவிட்டுப் போகிறான். சட்டத்துக்குப் புறம்பானது வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டுகிறது. சட்டப்படி இலவசமாகவும் உரிமையோடும் கிடைப்பதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. மக்கள் கட்டற்ற மென்பொருளை மதிப்பதில்லை என்று உங்கள் கூட்டங்களில் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அது மதிப்பின்மையால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. கைக்கு எட்டுவதை மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்த பிறகு, கட்டற்ற மென்பொருளுக்கு இலக்கணமாக நான்கு உரிமைகள் வகுக்கப்பட்டன. நிரலாளர் வழக்கப்படி அவற்றைச் சுழியத்திலிருந்து எண்ணுகிறார்கள். சுழியமாவது உரிமை, எந்த நோக்கத்துக்காகவும் மென்பொருளை இயக்கும் உரிமை. படிக்கவும் திருத்தவும் பகிரவும் உள்ள மற்ற உரிமைகள் அதன் பின்னே வருகின்றன. நீங்கள் மூலநிரலை முன்னே வைத்து, இயங்கும் கோப்பைப் பின்னே வைக்கும்போது, அந்த வரிசை தலைகீழாகிறது. இயக்கிப் பார்க்க முடியாதவருக்கு மூலநிரலைத் திருத்தும் உரிமை இருந்து என்ன பயன்? பாசி எடுப்பவரின் மகள் நாளை நிரலும் எழுதலாம், உங்கள் மென்பொருளுக்குத் தமிழாக்கமும் செய்யலாம். அவளும் அந்தச் சுழியத்தின் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

அடுத்து, அளவைப் பற்றி. எங்கள் பகுதி மாணவர்களில் பெரும்பாலோருக்கு இணையம் என்பது கைப்பேசியில் நாளொன்றுக்குக் கிடைக்கும் ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி. அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீசின் விண்டோஸ் நிறுவி ஏறத்தாழ 350 எம்பி இருக்கும், அதை ஒரே மாலையில் இறக்கிவிடலாம். விண்டோசுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான உபுண்டு 24.04-இன் கோப்போ 5 ஜிபிக்கும் மேல். நாள் முழுவதும் வேறெதையும் பார்க்காமல் இருந்தாலும் மூன்று நான்கு நாள் ஆகும். அதற்குள் கச்சான் காற்று ஓங்கி அடித்து மின்சாரம் போய், தொண்ணூறு விழுக்காட்டில் இறக்கம் அறுந்தால், பல தளங்களில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடர டோரன்ட் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறதுதான், ஆனால் எங்கள் பிள்ளைகள் அந்தச் சொல்லைத் திருட்டுப் படத்தோடு சேர்த்தே கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதே தொழில்நுட்பத்தில் நேர்மையாகவும் கோப்பு பகிரலாம் என்று பொத்தானுக்குப் பக்கத்தில் இரண்டு வரி தமிழில் எழுதினால் போதும். இறக்கும் முன்பே அளவைச் சொல்லுங்கள். எத்தனை எம்பி, நிறுவியபின் எவ்வளவு இடம் பிடிக்கும், எவ்வளவு நினைவகம் வேண்டும் என்ற மூன்று எண்களும் பொத்தானுக்கு அருகிலேயே இருக்கட்டும். டீசல் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாமல் யாரும் படகை அவிழ்ப்பதில்லை.

இந்த இடத்தில் என் சொந்த நினைவு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2008-இல் தபால்காரர் ஒரு நாள் என் பெயருக்கு வெளிநாட்டு உறை ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு உபுண்டு குறுந்தகடு இருந்தது. உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் கேட்டவருக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காமல் அனுப்பிவந்த காலம் அது. 2011-இல் அந்த ஏற்பாடு நின்றுபோயிற்று. தகட்டை உள்ளே வைத்துக் கணினியை மறுபடி இயக்கினேன். வன்தட்டைத் தொடாமலே ஒரு முழு இயங்குதளம் திரையில் எழுந்து நின்றது. அதற்கும் முன்பே, 2000-இல், ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ் ஒரே குறுந்தகட்டுக்குள் இதைச் செய்து காட்டியிருந்தது என்று பிறகு அறிந்துகொண்டேன். நான் கட்டற்ற மென்பொருளின் பக்கம் வந்தது எந்தச் சொற்பொழிவைக் கேட்டும் அன்று. செலவில்லாமலே என் கையில் ஒரு வெள்ளோட்டம் கொடுக்கப்பட்டது, அதனால் வந்தேன்.

இன்று குறுந்தகட்டின் இடத்தில் பென் டிரைவ் இருக்கிறது, வேகமும் கூடியிருக்கிறது. ஆனால் புதியவருக்குப் படிகள் கூடிவிட்டன. இயங்குதளம் முழுதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, அதைப் பென் டிரைவில் எழுத ரூஃபஸ் போன்ற இன்னொரு மென்பொருளை இறக்கி, கணினி எழும்பும்போது எஃப்2, எஃப்12, எஸ்கேப் ஆகியவற்றில் எதை அழுத்துவது என்று நிறுவனத்துக்கு நிறுவனம் தேட வேண்டும். எல்லாம் கடந்து வந்தால், “முயன்று பார்”, “நிறுவு” என்ற இரண்டும் அருகருகே நிற்கின்றன. அந்த இடத்தில் என் மாணவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். “அக்கா, இதை அமுக்கினா உள்ள இருக்கதெல்லாம் அழிஞ்சிருமா?” என்று கேட்காத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. வீட்டில் இருப்பதே ஒரு கணினி, அதில் தங்கையின் ஞானஸ்நானப் படங்களும் அப்பாவின் படகு ஆவணங்களும் இருக்கின்றன. “இதை அழுத்தினால் உங்கள் கணினியில் உள்ள எதுவும் அழியாது, பென் டிரைவை உருவிவிட்டு மறுபடி இயக்கினால் பழையபடி இருக்கும்” என்று அந்தத் திரையிலேயே தெளிவான தமிழில் எழுதி வையுங்கள். அந்த ஒரு வாக்கியம் நூறு பயிற்சி முகாம்களுக்குச் சமம்.

இப்போது இதற்கு அவசரமும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதன் அடுத்த பதிப்பு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு முதலிய வன்பொருள்களைக் கேட்பதால், பழைய கணினிகள் பல அதற்குத் தகுதி பெறுவதில்லை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் இந்தக் கரையோர வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. எடை குறைந்த ஒரு லினக்சைப் போட்டால் அவற்றில் பலவும் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். அவற்றைப் பரணில் ஏற்றும் முன் அந்த வீடுகளுக்கு நாம் போய்ச் சேர வேண்டும்.

நம்பிக்கை சார்ந்த ஒரு தடையும் உண்டு. சிறிய குழுக்கள் உருவாக்கிய மென்பொருளை, உருவாக்கியவர் யார் என்று உறுதிசெய்யும் கையொப்பச் சான்றிதழ் இல்லாமல் விண்டோசில் நிறுவ முயன்றால், நீல நிறத்தில் ஓர் எச்சரிக்கை திரையை மறைத்து நிற்கும். தொடர்வதற்கான பொத்தான், “மேலும் தகவல்” என்பதைச் சொடுக்கினால்தான் வெளியே வரும். பிள்ளையின் பின்னால் நின்று பார்க்கும் தந்தை, “வைரஸ்ப்பா, நிறுத்து” என்பார், அவர் சொல்வதும் நியாயமே. சான்றிதழுக்குப் பணம் செலவாகும் என்பதும், உங்களில் பெரும்பாலோர் சம்பளம் இல்லாமல் உழைக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். பல சிறு திட்டங்கள் சேர்ந்து ஒரே அமைப்பின் பெயரில் கையொப்பம் பெற முடியுமா என்று பாருங்கள். அது கைகூடும் வரை, அந்த எச்சரிக்கையின் படத்தைப் பதிவிறக்கப் பக்கத்திலேயே போட்டு, இது ஏன் வருகிறது, எப்போது தொடரலாம், எப்போது தொடரக் கூடாது என்று விளக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு எதையும் அனுமதிக்கும் பழக்கத்தை நம் கையாலேயே பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடக் கூடாது.

அதோடு, அதிகாரப்பூர்வத் தளத்தின் முகவரியைச் சொல்வதில் சோம்பல் வேண்டாம். படத்திருத்த மென்பொருளான கிம்ப் திட்டத்தினர், தங்கள் பதிவிறக்கக் கோப்புகளை வைத்திருந்த சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தை விட்டு 2013-இல் வெளியேறினார்கள். பதிவிறக்கப் பொத்தான்போலத் தோன்றி ஏமாற்றும் விளம்பரங்களையும், நிறுவியோடு வேறு மென்பொருள்களைச் சேர்த்துத் தரும் முறையையும் அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். பெரிய பச்சைப் பொத்தான் விளம்பரம், அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் உண்மையானது என்ற நிலை இன்றும் பல பொதுவான பதிவிறக்கத் தளங்களில் நீடிக்கிறது. முதன்முறை வருகிறவர் பெரியதைத்தான் அழுத்துவார்.

நன்றாகச் செய்தவர்களையும் சொல்ல வேண்டும். காணொளி இயக்கியான விஎல்சி 1996-இல் பிரான்சில் மாணவர் திட்டமாகத் தொடங்கி, 2001-இல் ஜிபிஎல் என்னும் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளிவந்தது. அதன் தளத்துக்குப் போனால், வந்தவரின் இயங்குதளத்தைத் தானே அறிந்து ஒரே பொத்தானைக் காட்டுகிறது. மற்றப் பதிப்புகளும் மூலநிரலும் தேவைப்படுவோருக்கு வேறிடத்தில் இருக்கின்றன. கடலுக்குப் போகும்போது கைப்பேசியில் படம் ஏற்றிக்கொண்டு போகும் எங்கள் இளைஞர்கள் அந்த ஆரஞ்சுக் கூம்பை நன்றாக அறிவார்கள், அது கட்டற்ற மென்பொருள் என்பதை அறியாமலே. மென்பொருளின் பதிவிறக்கப் பக்கமும் அந்த மென்பொருளின் ஒரு பகுதியே என்று கருதி உழைத்தவர்கள் அவர்கள். உங்களிடமும் அதையே கேட்கிறேன். லினக்சுக்குள்ளேயே டெப், ஆர்பிஎம், ஃபிளாட்பேக், ஸ்னாப் என்று நிறுவும் கோப்பு வகைகள் பிரிந்து கிடப்பதால் உங்கள் வேலை எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிக்கலைத் தெரிந்தவர் நீங்கள், தெரியாதவர் வந்து நிற்பவர். தெரிவு செய்யும் சுமையைத் தெரியாதவர் தலையில் ஏற்றாதீர்கள்.

நிறுவிய பின் வரும் முதல் ஐந்து நிமிடங்களும் வெள்ளோட்டத்தில் சேரும். லிப்ரே ஆபீசும் ஃபயர்பாக்சும் தமிழ் இடைமுகத்தோடு கிடைக்கின்றன. அதற்கு உழைத்த தமிழாக்கக் குழுவினரை நான் கையெடுத்து வணங்குகிறேன். ஆனால் பல மென்பொருள்களில் தமிழ், அமைப்புகளின் மூன்றாம் அடுக்கில் மறைந்திருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தால்தான் தமிழைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பது எவ்வளவு முரணானது! முதல் திரையிலேயே “தமிழ்” என்று தமிழ் எழுத்தில் ஒரு தெரிவு இருக்கட்டும். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை நான் எல்லாருக்கும் கற்றுத்தருகிறேன். பிள்ளைகள் சில நாட்களில் பழகிவிடுகிறார்கள். லினக்சில் அது உள்ளேயே இருந்தும், அதை இயக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க நான் உதவ வேண்டியிருக்கிறது. வெற்றுத் திரையோடு திறப்பதற்குப் பதிலாக, தொட்டு மாற்றிப் பார்க்க ஒரு மாதிரிக் கோப்பையும் சேர்த்துக்கொடுங்கள். கணக்கு மென்பொருளில் ஒரு வீட்டு வரவு செலவு, காணொளி மென்பொருளில் மூன்று சிறு துண்டுகள், அது போதும்.

இனி, எங்களைப் போன்ற சிறு மையங்களைப் பற்றி. பதிவிறக்கம் என்பது ஒவ்வொருவரும் தனித்தனியே இணையத்திலிருந்துதான் செய்ய வேண்டும் என்று ஏன் எண்ண வேண்டும்? 1985-இல் ஸ்டால்மனே ஈமேக்ஸ் என்னும் உரைத் தொகுப்பான் அடங்கிய காந்த நாடாவை 150 டாலர் வாங்கிக்கொண்டு அனுப்பிவந்தார். நகலெடுத்துப் பகிர்வதையும், அதற்குக் கட்டணம் வாங்குவதையும் உரிமம் அனுமதிக்கிறது. ஆகவே திருட்டு நகல் வரும் அதே பென் டிரைவ் வழியை நேர்மையான மென்பொருளுக்கும் திறந்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சரிபார்க்கப்பட்ட ஒரு தொகுப்பை வெளியிடுங்கள். அதில் அலுவலக மென்பொருள், படத்திருத்தம், ஒலி, காணொளி, தமிழ்த் தட்டச்சு ஆகியவை விண்டோசுக்கும் லினக்சுக்கும் இருக்கட்டும். முடிந்தவரை நிறுவாமலே இயங்கும் வடிவில் இருக்கட்டும், முகப்பில் ஒரு தமிழ்ப் பக்கம் இருக்கட்டும். அதை நான் ஒருமுறை இறக்கி, தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை நடத்தப்படும் என்னைப் போன்ற மையங்களுக்குக் கைமாற்றுவேன். டேட்டாவும் மிச்சம், போலித் தளங்களின் பயமும் இல்லை.

இறுதியாக ஓர் அழைப்பு. உங்களில் யாரேனும் அடுத்த தடைக்காலத்தில் ஒரு நாள் எங்கள் மையத்துக்கு வாருங்கள். நீங்கள் பாடம் நடத்த வேண்டாம். உங்கள் மென்பொருளின் பெயரை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, அதை இதுவரை கேள்விப்படாத ஒருவரின் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். அவர் தேடட்டும், இறக்கட்டும், திறக்கட்டும். ஒரு மணி நேரம் நீங்கள் வாய் திறக்கக் கூடாது, சுட்டியைத் தொடக் கூடாது. அவர் எங்கே தயங்குகிறார், எதை இரண்டு முறை படிக்கிறார், எந்த இடத்தில் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வந்தால் ஐந்தாறு பேர் இருப்பார்கள். மேலே சொன்ன பெண்ணும் இருப்பாள். தன் தாயைப் பற்றிய காணொளியைச் சரியான கோப்பு கிடைத்த பிறகு நான்கே நாளில் தொகுத்து முடித்துவிட்டாள். இப்போது அதே மென்பொருளில், கடலடியில் எடுத்த காட்சிகளின் பச்சை நிறத்தை எப்படிக் குறைப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்,
தங்கச்சிமடத்தில் கணினி மையம் நடத்தும் ஒருத்தி